கடல் எந்தப் பக்கம், டீச்சர்?

மனிதர்கள் சாவியைத் தொலைப்பார்கள், குடையைத் தொலைப்பார்கள், திருவிழாக் கூட்டத்தில் பெற்ற பிள்ளையைக்கூடத் தொலைத்துவிட்டு மைக்கில் கூப்பிடுவார்கள். கடலைத் தொலைத்த ஆள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அதுவும் நாலு பக்கமும் கடல் சூழ்ந்த பஹ்ரைன் தீவில் வைத்துத் தொலைத்தேன். அதுவும் பாளையங்கோட்டையில் முப்பத்துநாலு வருடம் புவியியல் டீச்சராக இருந்து, வடக்கு எது தெற்கு எது என்று தெரியாத பிள்ளைகளின் காதைத் திருகித் திருகி ஓய்வு பெற்ற பிறகு.

அப்போது எனக்கு அறுபது வயது. இளரத்தம். யார் சொன்னாலும் கேட்கிற வயதில்லை.

எங்கள் சபையில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகளை ஒன்றரை வருட ஊழியத்துக்கு வெளியூர் அனுப்புவார்கள். சீனியர் மிஷனரி என்று பேர். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்க, வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் ஜெபமணி ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். பேர் கொடுத்துவிட்டோம். நான் காட்டையும் ஆற்றையும், பாட்டுப் பாடி எங்களை வரவேற்கும் மலைவாழ் மக்களையும் கற்பனை பண்ணி, கேன்வாஸ் ஷூ வேறு வாங்கிவைத்தேன். கிடைத்தது பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் ஒரு பழைய கோயிலும் அதன் பின்னாலிருந்த கல்லறைத் தோட்டமும்.

நூறு வருடத்துக்கு முன் வெள்ளைக்கார டாக்டர்கள் பவளக்கல்லால் கட்டிய சின்னக் கோயில். வழிபாடு வேறு பெரிய கோயிலுக்குப் போய்விட்டது. இதைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டி, கதை சொல்லி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதுதான் எங்கள் ஊழியம். பக்கத்திலேயே குதைபியா என்ற பகுதியில் ஒரு தையல் கடைக்கு மேலே எங்களுக்கு ஃபிளாட் கொடுத்திருந்தார்கள். காலையில் நடந்து வந்து, ராத்திரி படிந்த மணலைப் பெருக்கி, ஏசியைப் போட்டுவிட்டு உட்காருவோம். சில நாள் ஒருத்தரும் வரமாட்டார்கள். வாசலையே பார்த்துக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருப்பது என்ன பாடு என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை லீவு நாள் ஆகையால் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து நம்மூர்ப் பையன்கள் வருவார்கள். "அம்மா, ஏசி ஓடுதா?" என்று கேட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் தூங்குவார்கள். நான் எழுப்பமாட்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு புல் கிடையாது. முன் வரிசைகளில் வெள்ளைக்காரர்களின் கல்லில் பேர் இருக்கும். மற்றவை எல்லாம் சிமெண்ட் மேடுகள். நம்மவர்களும் கோவாக்காரர்களும் கப்பலில் வந்தவர்களும் அவற்றில் கிடக்கிறார்கள். மேட்டில் பதித்த தகரத் தகட்டில் பேர் எழுதியிருந்ததாம். உப்புக்காற்று தின்றுவிட்டது. யார் எங்கே என்பது பழைய பதிவேடு ஒன்றில்தான் இருந்தது.

சுற்றிக்காட்டுவது என் வீட்டுக்காரர் வேலை. பார்சலை எடை போடுகிற அதே குரலில் சொல்வார். "இது கட்டினது இந்த வருஷம். இது கதவு. இது ஜன்னல். அடுத்து வாங்க." என் வேலை டீ, பிஸ்கட். முப்பத்துநாலு வருடம் நாற்பத்தைந்து நிமிடம் நிறுத்தாமல் பேசிய வாய்க்கு டீ ஊற்றுகிற வேலை! எனக்கு உள்ளுக்குள் எரியும். இவருக்கு ஒரு காய்ச்சல் வரக்கூடாதா என்று ஒரு மிஷனரி நினைக்கக்கூடாததை எல்லாம் நினைத்திருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை இறால் பிரியாணி சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் அவரால் பாத்ரூமை விட்டு வெளியே வர முடியவில்லை. கர்த்தர் எல்லா ஜெபத்தையும் கேட்கிறார்.

"டீச்சர்," என்றார் கதவுக்கு உள்ளேயிருந்து. (கோபமோ கேலியோ வந்தால் நான் டீச்சர்.) "இன்னைக்கு ஒரு அம்மா வாராவ. ஈசா டவுன்ல மக வீடு. புருசன் கல்லறையைப் பாக்கணும்னு போன் பண்ணியிருந்தாவ. பதிவேட்டைப் பாக்கிறதுக்கு முன்னால நான் ஒரு விசயம் சொல்லுதேன், கேட்டுட்டுப் போ."

"பதிவேடு பாக்க எனக்குத் தெரியாதா? நீங்க உள்ள வேலையைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு, இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த அம்மா பத்து மணிக்கு வந்தார். மிக்கேலம்மாள் என்று பேர். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர். என் வயதுதான் இருக்கும், ஆனால் வெயிலில் உலர்ந்து என்னைவிடப் பத்து வயது கூடத் தெரிந்தார். மருமகன் இறக்கிவிட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனான். அவர் கையில் ஒரு பெட்டி மெழுகுவர்த்தியும், கழுவித் துடைத்த பால்பவுடர் டப்பா ஒன்றும் இருந்தன.

"மக பேறுகாலத்துக்கு வந்தேன், டீச்சர். நாளைக்கு மத்தியானம் பிளேன். இந்த இடம் இங்கதான் இருக்குன்னு போன வாரந்தான் தெரிஞ்சுது," என்றார்.

அவருடைய புருசன் தொம்மை முப்பது வருடத்துக்கு முன் இங்கே கூலி வேலைக்கு வந்தவர். வந்த ஏழாம் மாசம் கிரேன் கயிறு அறுந்து செத்துப்போனார். உடம்பை ஊருக்கு அனுப்ப அப்போது வழியில்லை, கம்பெனியே அடக்கம் பண்ணிவிட்டுத் தந்தி கொடுத்தது. இப்போது பிள்ளை பெற்றிருக்கும் இந்த மகள் அன்றைக்கு வயிற்றில்.

"ஊர்க் கல்லறைத் தோட்டத்துல அவியளுக்கு ஒரு குருசு நட்டுருக்கேன். உள்ள ஒண்ணும் கிடையாது, வெறுங் குழி. வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு எல்லாவளும் புருசனுக்கு மெழுகுவத்தி கொளுத்துவாளுவ, நான் வெறும் மண்ணுக்குக் கொளுத்துவேன். எனக்கும் அது பக்கத்துலதான் இடம். அதுக்குள்ள இங்கேருந்து ஒரு பிடி மண்ணு கொண்டு போடணும், டீச்சர். அதுக்குத்தான் இந்த டப்பா."

இதைக் கேட்டதும், இந்த அம்மாளுக்கு நான் ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று முடிவு பண்ணினேன். அங்கேதான் சனி பிடித்தது.

பதிவேட்டை எடுத்தேன். தொம்மை பேர் இருந்தது. எதிரே ஆங்கிலத்தில் சாய்ந்த எழுத்தில், "கடல் பக்கமிருந்து நாலாம் வரிசை, ஏழாவது." அவ்வளவுதானே! கடல் பக்கத்தைக் கண்டுபிடிக்க புவியியல் டீச்சருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கோயில் வாசலுக்கு எதிரே நாலுவழிச் சாலை, அதற்கு அந்தப் பக்கம் வரிசையாக ஹோட்டல் கட்டடங்கள். ஆகையால் கடல் அங்கே இல்லை. விறுவிறுவென்று கோயில் மொட்டைமாடிக்கு ஏறிப் பின்பக்கம் பார்த்தேன். புழுதி மூட்டத்துக்கு நடுவே, இரண்டு கட்டடங்களுக்கு இடையில், நீளமாக ஒரு கீற்று நீலம் தெரிந்தது. கொலம்பஸுக்குக்கூட அவ்வளவு சந்தோசம் இருந்திருக்காது. (தூரம் பார்க்கிற கண்ணாடி ஃபிளாட்டில் கிடந்தது. நான் போட்டிருந்தது படிக்கிற கண்ணாடி.)

பின்சுவரிலிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அதில் ஏழு. "இதுதாம்மா," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பாருங்க, கடலைப் பாத்துப் படுத்திருக்காங்க. அந்தத் திசையில நேராப் போனா உங்க ஊர்" என்று கையை நீட்டி வேறு காட்டினேன். நான் காட்டிய திசையில் நேராகப் போனால் ஆப்பிரிக்கா வரும் என்று பிற்பாடு தெரிந்தது.

மிக்கேலம்மாள் அந்த சிமெண்ட் மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் தகடு இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள், முப்பது வருடம் ஒரு நெஞ்சுக்குள் அடைத்துவைத்ததெல்லாம் வெளியே வந்தது.

"ஆறு மாசத்துல வாரேன்னுட்டுப் போனீரே! வந்தீரா? நீரு அனுப்புன கடைசிக் கடுதாசி நீரு செத்த பிறகு, தந்திக்கு முந்தில்லா வந்துது! சிரிச்சுக்கிட்டுல்லா பிரிச்சேன்! உம்ம அண்ணன்மாரு என்னைய வீட்டை விட்டு எறக்கிவிட்டானுவ. கருவாட்டுக் கூடை தூக்குனேன். மூத்தவன் குடிச்சே போயிட்டான், அவனையும் நாந்தான் தனியா நின்னு அடக்கம் பண்ணுனேன். உம்ம மேல எனக்கு அவ்வளவு கோவம். ஒரு மாசம் வேற கல்யாணம் பண்ணிக்கிடலாமான்னுகூட நெனச்சேன், தெரியுமா? ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. உம்மகிட்டதான் சொல்லுதேன்."

நானும் அழுதேன். எங்கள் சபையில் மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் கிடையாது, ஆனாலும் காற்றுக்குச் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டி மெழுகுவர்த்தியும் தீர நின்றேன். அவர் மண்ணைப் பிடி பிடியாக அள்ளி டப்பாவில் போட்டு மூடியபோது அவர் முகத்தில் ஒரு அமைதி வந்தது. போகும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீங்க நல்லாயிருக்கணும், டீச்சர்," என்றார்.

நான் தரையில் நடக்காமல் வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் மோர் குடித்துக்கொண்டு படுத்திருந்தார். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன், நான் நேராக ஊரைக் காட்டியது உட்பட. கேட்டுக்கொண்டே வந்தவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"எங்கேருந்து எண்ணுன?"

"பதிவேட்டுல போட்டிருக்கபடி கடல் பக்கமிருந்துதான்."

"கடல் எந்தப் பக்கம், டீச்சர்?"

"பின்பக்கம்தான்."

அவர் சட்டையை மாட்டினார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. டாக்சியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியே வந்தார். மாடிக்கு ஏறும் தெம்பு அவருக்கில்லை. ஃபிளாட்டிலிருந்து எடுத்து வந்த என் தூரம் பார்க்கிற கண்ணாடியை என்னிடம் கொடுத்து, "போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

பார்த்தேன். அந்த நீலக் கீற்று ஒரு ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை. அதன் மேல் ஒருவன் உட்கார்ந்து சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான்.

கீழே வந்ததும் விசயத்தைச் சொன்னார். பதிவேடு ஆரம்பித்த காலத்தில் கடல் கோயில் வாசலுக்கு எதிரேயே இருந்தது. படகை வாசலில் கட்டிவிட்டு ஜெபத்துக்கு வருவார்களாம். அப்புறம் கடலைத் தூர்த்து, சாலை போட்டு, ஹோட்டல் கட்டினார்கள். கடல் ஒரு மைல் தள்ளிப் போய்விட்டது. பதிவேட்டில் மட்டும் அது இன்னும் வாசலிலேயே இருக்கிறது. பாத்ரூமுக்குள்ளிருந்து அவர் சொல்லவந்தது இதைத்தான்.

வாசலிலிருந்து எண்ணிப்போய்த் தொம்மையின் மேட்டைக் கண்டுபிடித்தோம். ஒரு குச்சி மெழுகுவர்த்தி இல்லாமல் அம்போ என்று கிடந்தது. பிறகு, மிக்கேலம்மாள் அழுதது யாரிடம் என்று பதிவேட்டில் பார்த்தோம். "பெயர் தெரியாத ஆண். கரையில் ஒதுங்கியவர்." அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை.

"சொல்ல வேண்டாம்ங்க," என்றேன். "அவங்க நிம்மதியாப் போறாங்க. மண்ணு மண்ணுதானே. நாம சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?"

"தப்பு வீட்டுல குடுத்த கடுதாசியை, அவங்க சந்தோசமாத்தான் வாசிச்சாங்கன்னு விட்டுர முடியுமா, டீச்சர்? உரிய ஆளு இங்க கிடக்கானே," என்றார். போஸ்ட்மாஸ்டரைக் கட்டிக்கொண்டவள் இதையெல்லாம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

மறுநாள் காலையில் ஈசா டவுனுக்குப் போனோம். மகள் வீட்டு ஹாலில் அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, நாலு பக்கமும் பேர் எழுதி வைத்திருந்தார்கள். மிக்கேலம்மாள் பேரக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர்!" என்று முகமெல்லாம் சிரிப்பு. வழியனுப்ப வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். வாழ்க்கையில் நான் நடத்திய பாடங்களிலேயே மிகச் சிறிய பாடம் அன்றைக்கு நடத்தியதுதான். நாலே வாக்கியம்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. குழந்தையை மகளிடம் கொடுத்தார்.

"அப்ப நான் யார்ட்ட அழுதேன்?"

சொன்னேன்.

"பேரு தெரியாத ஒரு ஆம்பளைட்டயா எல்லாத்தையும் சொன்னேன்?" அவர் முகம் சிவந்தது. "படிச்சவியதானே நீங்க? கண்ணைக் கட்டிக் கூட்டிட்டுப் போன மாதிரி உங்க பின்னால வந்தேனே! இப்பிடிப் பண்ணலாமா, டீச்சர்?"

அந்த "டீச்சர்" போல ஒன்றை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வீட்டுக்காரர்தான், "அம்மா, ஏர்போர்ட் போற வழியில பத்து நிமிசம் போதும், நான் சரியாக் காட்டுதேன்" என்றார். மருமகன் கடிகாரத்தைப் பார்த்தான். "அத்தை, ரிப்போர்ட்டிங் டைம் ஆயிரும். யல்லா, கிளம்பினா இப்பவே கிளம்பணும்" என்று அரபியும் தமிழுமாக அவசரப்படுத்திப் பெட்டியைத் தூக்கினான்.

மருமகன் காரிலேயே போனோம். கோயில் வாசலில் இறங்கியதும் மிக்கேலம்மாள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் என் வீட்டுக்காரர் பின்னால் போனார். நாலாம் வரிசை, ஏழாவது. நின்றார். நாங்கள் தள்ளி நின்றோம். அவர் குனிந்து அந்த மேட்டைத் தொட்டார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். பிறகு திரும்பி, குழந்தை மாதிரி திகைத்துப்போய்ச் சொன்னார்:

"அழுகை வரமாட்டேங்குது, டீச்சர். எல்லாத்தையும் நேத்தே அழுது தீத்துட்டேன்."

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும்போல இருந்தது. முப்பது வருடம் ஒரு மனுசி சேர்த்துவைத்த அழுகையைத் தப்பு விலாசத்தில் கொட்ட வைத்துவிட்டேன். அதை இனி யார் திருப்பித் தருவது?

மருமகன் ஹாரன் அடித்தான். மிக்கேலம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு, அந்த மேட்டைப் பார்த்து, சண்டைக்கு மறுநாள் புருசனிடம் பேசுகிற குரலில் பேசினார். "கேட்டீரா? சொல்ல வேண்டியதெல்லாம் அங்ஙன ஒருத்தர்ட்ட சொல்லிட்டேன். பொறுமையாக் கேட்டாரு. நீரு போயி அவர்ட்டக் கேட்டுக்கிடும்."

என் வீட்டுக்காரர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். பெரிய கைக்குட்டை வைத்திருப்பார், அது நல்லதாயிற்று. நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதற்கென்றே வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த காலி பிஸ்கட் டப்பாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டு மண்ணை அள்ளினார். "கடல் எங்க இருந்துது?" என்று கேட்டார். வீட்டுக்காரர் வாசலுக்கு எதிரே சாலையையும் ஹோட்டல்களையும் காட்டி, தூர்த்த கதையைச் சொன்னார்.

"அவிய வந்ததே அந்த வேலைக்குத்தான்," என்றார் மிக்கேலம்மாள். "கடல்ல கல்லுப் போடுத வேலைன்னு கடுதாசில எழுதுவாவ. நாம கடலை நம்பிப் பிழைக்கோம், இங்க அதை மூடச் சொல்லுதானுவ, மனசுக்குச் சங்கடமா இருக்குன்னு எழுதியிருந்தாவ." சாலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார். "அப்ப வழிய மறைச்சது அவியதான். உங்களை மட்டும் சொல்லி என்ன?"

நேற்று மண் அள்ளிய பால்பவுடர் டப்பா காரில் பெட்டிக்குள் இருந்தது. வீட்டுக்காரர்தான், "அந்த மண்ணை இங்கேயே போட்டுரலாமா?" என்று கேட்டார்.

"அது எதுக்கு? இருக்கட்டும். அவ்வளவும் கேட்ட மனுசனை நான் எப்படி இங்க விட்டுட்டுப் போவேன்? அவரும் எவளோ ஒருத்தி காத்துக்கிடந்த ஆளுதானே."

ஆறு மாதம் கழித்து மகள் ஈசா டவுனிலிருந்து வந்து சொன்னாள். ஊரில் அப்பா குருசுக்குப் பக்கத்தில் அம்மா இன்னொரு சின்னக் குருசு நட்டிருக்கிறாள், பேர் எழுதவில்லை, கல்லறைத் திருநாளுக்கு இரண்டுக்கும் மெழுகுவர்த்தி. ஊரே ஒரு மாதிரியாகப் பார்க்கிறதாம். அம்மா யாருக்கும் விளக்கம் சொல்வதில்லையாம்.

எங்கள் வீட்டில் இது என் தலையெழுத்தாகிவிட்டது. நான் ஆட்டோக்காரருக்கு வழி சொன்னால் போதும், பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "கடல் எந்தப் பக்கம், டீச்சர்?" மகன் கேட்பான், மருமகள் கேட்பாள், அமெரிக்காவில் பிறந்து தமிழே தட்டித்தடுமாறிப் பேசும் பேத்தி இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தெளிவாகச் சொல்வாள். ஆரம்பித்துவைத்தவர் நாலு வருடத்துக்கு முன் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் அவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது நான் லிஃப்ட் இந்தப் பக்கம் என்றேன். கண்ணைத் திறக்காமல் அதையேதான் கேட்டார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது. அன்றைக்கும் நான் காட்டிய பக்கம் லிஃப்ட் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் கல்லறைக்குப் போவேன். கல்லில் பேர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆனாலும் வாசலிலிருந்து ஒரு தடவை, பின்சுவரிலிருந்து ஒரு தடவை எண்ணிச் சரிபார்த்துக்கொள்வேன். அப்புறம் உட்கார்ந்து அந்த வாரத்துக் கதையெல்லாம் சொல்வேன். கிளம்பும்போது இடது பக்கம் இருப்பவருக்கும் வலது பக்கம் இருப்பவருக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டு, "நீங்களும் கேட்டீங்கல்லா? அவருக்குக் காதுல விழலைன்னா கொஞ்சம் சொல்லிருங்க" என்பேன்.